பிழையாக வந்த சின்னத் தண்டப்பணம்: கட்டிவிடுவதா, எதிர்ப்பதா? (முழுமையான வழிகாட்டி)

இலங்கையின் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திலிருந்து கடிதம் வருகிறது. ஏழாயிரமோ பத்தாயிரமோ தண்டம் என்கிறது. உங்கள் கணக்குப்படி அது பிழை. இந்த இடத்தில் சிலர் "தொலையட்டும், கட்டிவிட்டு வேலையைப் பார்ப்போம்" என்கிறார்கள். வேறு சிலர் அடுத்த நாளே கொழும்பு கொம்பனித்தெருவிலுள்ள தலைமைக் காரியாலயத்துக்குப் போய்க் கவுண்டரில் குரலை உயர்த்துகிறார்கள். இரு தரப்பும் தொகையை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். தொகையைக் கடைசியில் பார்க்கலாம். பிழை யாருடைய பதிவில், எந்த வரியில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

கீழே இருப்பது தனிநபர் வருமான வரிக்கானது. சம்பளத்தோடு வாடகை, நிலையான வைப்பு வட்டி, டியூஷன், சிறு கடை என்று ஏதாவது வருமானம் உள்ளவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். வற் வரி, கம்பனி வரி வேறு கதை. தொகை இலட்சங்களில் என்றால் இதை வாசித்துக்கொண்டிராமல் ஒரு கணக்காளரைப் பிடியுங்கள்.

1. மேசையில் முதலில் இருக்க வேண்டியவை

கடிதமும் அது வந்த உறையும். உறையை எல்லாரும் கிழித்து எறிந்துவிடுகிறார்கள். அதிலுள்ள தபால் முத்திரைதான் கடிதம் எப்போது அனுப்பப்பட்டது என்பதற்கான ஒரே சாட்சி. கடிதத்தின் திகதிக்கும் முத்திரைத் திகதிக்கும் இடையே நாட்கள் ஓடியிருந்தால் அது பின்னர் உதவும்.

அந்த மதிப்பீட்டு ஆண்டின் வருமான விபரத்திரட்டின் பிரதி, அதைச் சமர்ப்பித்ததற்கான ஒப்புகை, பணம் கட்டிய பற்றுச்சீட்டுகள், வட்டியில் வரி கழித்ததற்கு வங்கி தந்த முற்பண வருமான வரிச் சான்றிதழ், சம்பளத்தில் வரி கழித்ததற்கு வேலைத்தளம் தந்த டி-10 சான்றிதழ். திணைக்களத்தின் இணையச் சேவையில் நுழையும் இரகசிய இலக்கமும் வேண்டும். அதை மறந்திருந்தால் இன்றே மீளப் பெறுங்கள். கடைசி வாரத்தில் அதற்காக அலைய நேரம் இருக்காது.

2. நாளை எண்ணுங்கள்

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, ஒரு மதிப்பீட்டை, அதாவது திணைக்களம் போட்ட கணக்கை, ஏற்காதவர் திணைக்களத்தின் ஆணையாளர் நாயகத்திடம் நிர்வாக மீளாய்வு (அந்த முடிவை மீண்டும் பார்க்கும்படி) கேட்கலாம். அறிவிக்கப்பட்டதிலிருந்து 30 நாட்களுக்குள், எழுத்தில், காரணங்களை விபரமாகச் சொல்லிக் கேட்க வேண்டும்.

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதை வைத்ததற்குக் காரணம் உண்டு. யோசிக்க எடுக்கும் நாட்களும் இந்த 30க்குள்தான் அடங்கும். கடிதம் கையில் கிடைத்த நாளிலிருந்து எண்ண உங்களுக்கு நியாயம் இருக்கலாம். ஆனாலும் கடிதத்தில் அச்சான திகதியிலிருந்தே எண்ணுங்கள். அப்போது யாரும் உங்களோடு வாதாட முடியாது.

காலம் கடந்துவிட்டால் கதவு முழுவதுமாக மூடிவிடுவதில்லை. வெளிநாட்டில் இருந்தது, சுகவீனம், வேறு நியாயமான காரணம் இருந்தால் பிந்திய கோரிக்கையையும் ஏற்க இடமுண்டு. கடவுச்சீட்டின் முத்திரைப் பக்கம், வைத்தியச் சான்றிதழ் போன்றவற்றை இணைக்க வேண்டும். "வேலை அதிகம், கடிதம் மேசைக்குள் கிடந்துவிட்டது" என்பது அந்தப் பட்டியலில் வராது.

3. கடிதம் எந்தத் தண்டத்தைச் சொல்கிறது?

"ஃபைன் வந்திருக்கு" என்று எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைக்கிறோம். சட்டத்தில் அவை வேறு வேறு, கணக்கும் வேறு வேறு.

விபரத்திரட்டைப் பிந்திக் கொடுத்ததற்கான தண்டம். மதிப்பீட்டு ஆண்டு மார்ச் 31இல் முடிகிறது; விபரத்திரட்டு நவம்பர் 30க்குள் போக வேண்டும். பிந்தினால், செலுத்த வேண்டிய வரியின் 5 வீதமும் ஒவ்வொரு மாதத்துக்கும் மேலும் 1 வீதமும், அல்லது 50,000 ரூபாவும் மாதத்துக்கு 10,000 ரூபாவும். இரண்டில் எது கூடவோ அது. உச்சம் 400,000.

வரியைப் பிந்திக் கட்டியதற்கான தண்டம். இறுதிக் கொடுப்பனவுக்குக் கடைசி நாள் செப்டெம்பர் 30. அதிலிருந்து 14 நாட்களுக்குள்ளும் கட்டாவிட்டால் கட்டாத தொகையின் 20 வீதம். ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 ஆகிய தவணைகளைத் தவறவிட்டு 14 நாட்கள் கடந்தால் 10 வீதம்.

வட்டி. இது தண்டமே அல்ல, ஆனால் அதே தாளில் வரும். மாதத்துக்கு அல்லது மாதத்தின் ஒரு பகுதிக்கு 1.5 வீதம்.

திருத்தச் சட்டங்கள் அடிக்கடி வருகின்றன. ஆகவே கடிதத்திலுள்ள பிரிவு இலக்கத்தைப் பார்த்து, அந்த மதிப்பீட்டு ஆண்டுக்கு எந்த வீதம் என்று உறுதிசெய்த பிறகே பேனாவை எடுங்கள்.

இப்போது ஒரு கால்குலேட்டரை வைத்துத் தொகையை நீங்களே போட்டுப் பாருங்கள். கடிதத்தில் 20 வீதத் தண்டம் 7,600 என்று இருந்தால் அதை 5ஆல் பெருக்குங்கள்: 38,000. அதாவது 38,000 ரூபா வரி கட்டப்படவில்லை என்று திணைக்களத்தின் பதிவு சொல்கிறது. இப்படிப் பின்னோக்கிப் போனால், எந்தக் கொடுப்பனவைத் தேட வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும்.

4. தண்டம் உண்மையிலேயே பிழைதானா?

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பின்னர் முகம் சிவந்து வருகிறார்கள். அநியாயமாகத் தோன்றுவது வேறு, சட்டப்படி பிழையாக இருப்பது வேறு.

அடிக்கடி கேட்பது: "எனக்கு வரியே வரவில்லை, பிறகு எப்படித் தண்டம்?" விபரத்திரட்டுக் கொடுக்க வேண்டியவர் கொடுக்காவிட்டால் வரி பூச்சியமானாலும் 50,000 ரூபாப் பகுதி பொருந்தும். அந்த வாதம் எடுபடாது.

அடுத்தது: "வங்கி வட்டிக்கு ஏற்கெனவே வரி கழித்துவிட்டார்களே." கழித்தது சரி, ஆனால் அது முற்பணம்தான். உங்கள் மொத்த வருமானத்துக்குரிய வரி அதைவிடக் கூட வந்தால் மிகுதியை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

இன்னொரு பக்கம், இங்கேயே உங்களுக்குச் சாதகமான விடயங்களும் அகப்படும். செப்டெம்பர் 30க்குக் கட்ட வேண்டியதை ஒக்டோபர் 8ஆம் திகதி கட்டியிருந்தால் வட்டி வரும். 20 வீதத் தண்டம் வரக்கூடாது. அந்த 14 நாளை அறியாமல் எத்தனையோ பேர் "பிந்தித்தானே கட்டினேன்" என்று பேசாமல் கட்டிவிடுகிறார்கள்.

பிழை உங்களுடையதுதான், ஆனால் நியாயமான காரணம் இருந்தது என்றால் அது வேறு வழி. தண்டத்தைக் குறைக்கும்படி அல்லது விலக்கும்படி கேட்கும் கோரிக்கை அது. அதையும் "மதிப்பீடு பிழை" என்ற வாதத்தையும் ஒரே பந்தியில் குழைத்து எழுதாதீர்கள். வாசிப்பவர் உங்களை நம்பமாட்டார்.

5. பிழை எங்கே இருக்கிறது?

இணையக் கணக்கில் உங்கள் பேரேட்டை, அதாவது உங்கள் வரியும் கொடுப்பனவுகளும் பதிவாகும் கணக்கை, திறந்து, கையிலுள்ள பற்றுச்சீட்டுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். சின்னத் தண்டங்களின் பின்னால் நான் திரும்பத் திரும்பக் காண்பவை இவை.

பணம் வேறு ஆண்டில் அல்லது வேறு வரி வகையில் பதிவாகியிருப்பது. முதலிடம் இதற்கே. வெள்ளவத்தையில் டியூஷன் எடுக்கும் ஒருவருடைய தாள்களை அண்மையில் பார்த்தேன். 2023/24 மதிப்பீட்டு ஆண்டுக்கான இறுதிக் கொடுப்பனவு 38,000 ரூபாவை 2024 செப்டெம்பர் 27ஆம் திகதியே கட்டியிருக்கிறார். திகதி சரி, தொகை சரி, டின் இலக்கம் (வரி அடையாள இலக்கம்) சரி. கொடுப்பனவுச் சீட்டில் எந்த ஆண்டுக்கான பணம் என்று காட்டும் காலக் குறியீட்டுக் கட்டத்தில் மட்டும் அடுத்த ஆண்டுக்குரிய இலக்கம் எழுதப்பட்டிருந்தது. பேரேட்டில் 2024/25இன் கீழ் அந்தப் பணம் சும்மா கிடக்கிறது. 2023/24 வெறுமையாக இருக்கிறது. அதனால் 7,600 ரூபா தண்டம், கூடவே மாதத்துக்கு 570 ரூபா வட்டி.

அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏழாயிரம்தானே தம்பி, கட்டிவிட்டால் முடிந்துவிடும்தானே?" என்பது. முடியாது. தண்டத்தைக் கட்டினாலும் 38,000 நிலுவையாகவே நிற்கும், வட்டி ஏறிக்கொண்டே போகும். இந்த வகைப் பிழையில் கட்டிவிடுவது என்ற தெரிவே கிடையாது. திருத்தியே ஆக வேண்டும்.

கழித்த வரி உங்கள் பெயரில் சேராதது. வங்கிச் சான்றிதழில் உங்கள் டின் இலக்கம் இருக்கிறதா, சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டுக் கணக்கு என்றால் எந்த ஆளுக்கு எவ்வளவு என்றும் பாருங்கள். இந்தப் பிழையைத் திருத்தும் வேலை வங்கியில் தொடங்குகிறது, திணைக்களத்தில் அல்ல.

விபரத்திரட்டு சேமிக்கப்பட்டு, சமர்ப்பிக்கப்படாமல் நிற்பது. இணையத்தில் எல்லாப் பக்கங்களையும் நிரப்பி, கடைசி பொத்தானை அழுத்தாமல் மூடிவிடுவது. ஒப்புகை இல்லை என்றால் தண்டம் பிழை என்று சொல்ல உங்களிடம் ஒன்றும் இல்லை. மேலே சொன்ன விலக்குக் கோரிக்கைதான் வழி.

கணக்குப் பிழை. மாதங்களைக் கூட எண்ணியது, ஒரே தண்டம் இரு தரம் விழுந்தது போன்றவை. இவை எளிது.

சட்டத்தை விளங்கிக்கொள்வதில் உள்ள வேறுபாடு. ஒரு வருமானம் வரிக்கு உட்பட்டதா, ஒரு செலவைக் கழிக்கலாமா என்ற சண்டை. தொகை சின்னதாக இருந்தாலும் இதுதான் பெரிய வேலை. முதல் நான்கையும் தனியாகச் செய்யலாம். இதற்கு ஒரு கணக்காளரின் ஒரு மணி நேரமாவது வேண்டும்.

6. கட்டுவதா, எதிர்ப்பதா

இப்போதுதான் தொகைக்கு வருகிறோம்.

நான் கட்டச் சொல்லும் சந்தர்ப்பங்கள் உண்டு. சில நூறு ரூபா வட்டி மட்டும். ஆதாரம் தொலைந்துவிட்டது, வங்கியிலும் எடுக்க முடியவில்லை. பிழை ஒரு தரம் நடந்தது, அடுத்த ஆண்டுக்குத் தொடராது. அரை நாள் லீவு, வெள்ளவத்தையிலிருந்து கொம்பனித்தெருவுக்கு த்ரீவீல், போட்டோகொப்பி, திரும்பவும் ஒரு தரம் போக வேண்டி வரும் என்ற நிச்சயம், இவற்றையெல்லாம் கூட்டினால் தண்டத்தைத் தாண்டிவிடும். கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பதில் வெட்கம் எதுவும் இல்லை. கொள்கைக்காக 900 ரூபாயோடு மல்லுக்கட்டி மூன்று மாதம் தூக்கம் கெட்டவர்களைத் தெரியும்.

எதிர்க்க வேண்டிய இடங்கள் வேறு மாதிரி. தண்டத்தின் கீழே, கட்டிய வரி கட்டாததாக நிற்கிறது என்றால் எதிர்க்க வேண்டும். சேராத வரவு தண்டத்தைவிடப் பெரிது என்றால் எதிர்க்க வேண்டும். 7,600க்காகத் தேடப் போய் 22,000 ரூபா கழித்த வரி பேரேட்டில் வராமல் கிடப்பது தெரியவந்தால், தண்டத்தைவிட அதுதான் உங்கள் வழக்கு. அதே பிழை அடுத்த தவணையிலும் வரும் என்றால், உதாரணமாக வங்கியில் டின் இலக்கமே பிழையாகப் பதிந்திருந்தால், இன்று விட்டால் ஒவ்வொரு ஆண்டும் கட்ட வேண்டியதுதான். ஆதாரம் ஒரே தாளில், கையில் இருக்கிறது என்றால் தொகை எவ்வளவு சின்னதானாலும் ஒரு கடிதம் எழுதுங்கள். செலவு ஒரு பதிவுத் தபால்தான்.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. நிலுவை பெயரில் நிற்பது பிடிக்காதவர்கள் தண்டத்தைக் கட்டிவிட்டு மீளாய்வும் கேட்கலாம். "இக்கொடுப்பனவு மதிப்பீட்டை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படலாகாது" என்று கடிதத்திலேயே ஒரு வரி எழுதிவிட வேண்டும். பணம் திரும்புவதற்கு அல்லது அடுத்த வரியில் கழிபடுவதற்குப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: பயத்தில் அந்த 38,000த்தை இரண்டாம் முறை கட்டுவது. தவறான இடத்தில் கிடக்கும் பணத்தை மாற்றுவது ஒரு திருத்தம். இரட்டையாகக் கட்டியதைத் திரும்பப் பெறுவது அதைவிட நீண்ட வேலை.

7. கடிதம் எழுதுதல்

ஒரு பக்கம் போதும். கோபமும் குடும்பக் கஷ்டமும் வேண்டாம். பெயர், முகவரி, டின் இலக்கம், மதிப்பீட்டு ஆண்டு, அறிவித்தலின் இலக்கமும் திகதியும் மேலே தனித்தனி வரியாக வரட்டும்; உங்கள் கடிதம் எந்தக் கோப்புக்குப் போக வேண்டும் என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன. உடல் இப்படி இருக்கலாம்:

"மேற்படி அறிவித்தலில் 2023/24 மதிப்பீட்டு ஆண்டுக்கான இறுதிக் கொடுப்பனவு ரூ. 38,000 செலுத்தப்படவில்லை எனக் குறிப்பிடப்பட்டுள்ளது. அத்தொகை 27.09.2024 அன்று செலுத்தப்பட்டது (இணைப்பு 1). கொடுப்பனவுச் சீட்டில் 2024/25க்குரிய காலக் குறியீடு தவறுதலாக எழுதப்பட்டுள்ளது. ஆகவே, (அ) அக்கொடுப்பனவை 2023/24க்கு மாற்றுமாறும், (ஆ) தண்டப்பணம் ரூ. 7,600ஐயும் வட்டியையும் நீக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். இதனை நிர்வாக மீளாய்வுக்கான கோரிக்கையாகவும் ஏற்றுக்கொள்ளவும்."

கடைசி வசனத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் உங்கள் கடிதம் வெறும் திருத்தக் கோரிக்கையாகக் கோப்புக்குள் போய்விடும். திருத்தம் நடக்கிறதா என்று காத்திருக்கும்போது 30 நாளும் ஓடிவிடும். புதியவர்கள் வழுக்கும் இடம் இதுதான்: "கவுண்டரில் சொன்னேன், பார்க்கிறோம் என்றார்கள்." வாயால் சொன்னது மீளாய்வுக் கோரிக்கை ஆகாது.

"நீக்குமாறு" என்று மட்டும் எழுதிவிட்டு (அ)வை மறப்பதும் நடக்கிறது. தண்டம் நீங்கும், பணம் பழைய இடத்திலேயே கிடக்கும், அடுத்த கடிதம் வரும்.

மொழி பற்றி: தமிழில் எழுத உங்களுக்கு உரிமை உண்டு. அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் கொழும்பிலும் தமிழில் தொடர்புகொள்ளவும் பதில் பெறவும் இடம் தருகிறது. தடுமாறும் ஆங்கிலத்தில் நான்கு பக்கம் எழுதுவதைவிடத் தெளிவான தமிழில் ஒரு பக்கம் நல்லது. ஆங்கிலம் சரளம் என்றால் ஆங்கிலத்தில் எழுதுங்கள், வேகமாக நகரும் என்பது என் அபிப்பிராயம். எப்படியானாலும் இலக்கங்களும் திகதிகளும் இணைப்புகளும்தான் பேசப்போகின்றன.

இணைப்புகள் எல்லாம் பிரதிகளாகவே போக வேண்டும். மூலப் பற்றுச்சீட்டைக் கொடுத்துவிட்டால் உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது.

8. கொடுக்கும் விதம்

தலைமைக் காரியாலயம் கொழும்பு 2, சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையில் இருக்கிறது. உங்கள் கோப்பு எந்தக் கிளையில் என்பது கடிதத்தின் தலைப்பில் இருக்கும். சந்தேகம் என்றால் திணைக்களத்தின் 1944 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேட்டுவிட்டுப் போங்கள்.

கடிதத்தை இரண்டு பிரதியாகக் கொண்டுபோங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரை அடித்து வாங்குங்கள். முத்திரை இல்லாத பிரதி வீட்டுக்கு வந்தால் போகாததற்குச் சமம். நேரில் போக முடியாவிட்டால் பதிவுத் தபால். அந்தத் துண்டுச் சீட்டைக் கடிதப் பிரதியின் மூலையில் ஸ்டேப்ளர் அடித்து வையுங்கள்.

நேரில் போவதில் இன்னொரு நன்மை: சில கணக்குப் பிழைகளைக் கவுண்டரிலேயே திரையில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். "மிஸ், இந்தப் பேமன்ட் எந்த வருஷத்தில் விழுந்திருக்கு என்று ஒருக்கா பார்க்க முடியுமா?" என்று கேட்டால் பதில் கிடைக்கும். "ஏன் எனக்கு ஃபைன் போட்டீங்கள்?" என்று கேட்டால் அந்தக் கேள்விக்கு அங்கே இருப்பவரால் பதில் சொல்ல முடியாது, போட்டது அவர் அல்ல.

9. கொடுத்த பிறகு

சில வாரங்களுக்கு ஒரு முறை பேரேட்டைத் திறந்து பாருங்கள். கொடுப்பனவு இடம் மாறியதும் தண்டம் தானாக மறைந்துவிடும் என்று எண்ண வேண்டாம். இரண்டும் தனித்தனிப் பதிவுகள். ஒன்று மாறி மற்றது மாறாவிட்டால், முத்திரை பதித்த பிரதியின் திகதியைக் குறிப்பிட்டு ஒரு நினைவூட்டல் கடிதம் போதும்.

இதற்கிடையே அறவீட்டுப் பகுதியிலிருந்து அதே தொகைக்கு நினைவூட்டல் வந்தால் பதறாதீர்கள், சும்மாவும் இருக்காதீர்கள். மீளாய்வுக் கோரிக்கையின் முத்திரைப் பிரதியை இணைத்து இரண்டு வரியில் பதில் அனுப்புங்கள்.

முடிவு உங்களுக்குச் சாதகமாக வந்தாலும் அதை எழுத்தில் வாங்குங்கள்.

10. மீளாய்விலும் சரிவராவிட்டால்

மீளாய்வு முடிவு கிடைத்த பின், அல்லது கோரிக்கை கொடுத்து 90 நாட்கள் பதிலின்றிக் கடந்த பின், வரி மேன்முறையீட்டு ஆணைக்குழுவுக்குப் போகலாம். முடிவு வந்தால் அங்கேயும் 30 நாள் கணக்கு ஓடும். மேன்முறையீட்டோடு பிணக்கிலுள்ள தொகையின் ஒரு பங்கைக் கட்டவோ வங்கி உத்தரவாதம் கொடுக்கவோ வேண்டும். உங்களுக்காக வாதாட ஓர் ஆளும் வைக்க வேண்டி வரும்.

7,600 ரூபாவுக்கு நான் அந்தப் படி ஏறமாட்டேன். மீளாய்வுக் கடிதத்தைச் சரியாக எழுதி, நாளுக்குள் கொடுத்து, அதற்கு மேல் நகராவிட்டால் தண்டத்தைக் கட்டிவிட்டு, கொடுப்பனவை இடம் மாற்றும் திருத்தத்தை மட்டும் விடாமல் துரத்துவேன். வரி விளக்கம் பற்றிய பிணக்கு, ஒவ்வொரு ஆண்டும் திரும்ப வரப்போகிறது என்றால் மட்டும் ஆணைக்குழுவைப் பற்றி யோசிக்கலாம். அந்த முடிவைக் கணக்காளரோடு சேர்ந்து எடுங்கள்.

எப்படி முடிந்தாலும், அடுத்த ஓகஸ்ட் 15 தவணையைக் கட்டுமுன் பேரேட்டை ஒரு முறை அச்செடுங்கள். புதிய சீட்டில் காலக் குறியீட்டை எழுதும்போது அந்தத் தாள் பக்கத்தில் இருக்கட்டும்.